இடது முன்சக்கரத்து நாலாவது நட்டு

சங்ககிரி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கார் இடது முன்சக்கரத்தில் மூலை மழுங்கிக் கழல மறுக்கிறது என்றாயே, அந்த நாலாவது நட்டை நீ அனுப்பிய படங்களில் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டது. மீதியை வாய்ஸ் மெசேஜில் போடலாம் என்றால், பட்டறைச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். எழுத்தில் இருந்தால் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்யவும் தோது.

முதலில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மூலை மழுங்கிய நட்டால் சக்கரம் கழன்று ஓடிவிடாது. அது நன்றாகவே இறுகியிருக்கிறது; இறுகியிருப்பதுதானே உன் தொல்லையே. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் இரவு நேரத்தில் அதே சக்கரம் உட்கார்ந்துவிட்டால், டிக்கியில் ஸ்டெப்னி இருந்தும் இல்லாத கணக்குத்தான். கிருஷ்ணகிரி பக்கம் பஞ்சர் பார்த்தவன், ட்யூப்லெஸ் டயர் என்பதால் சக்கரத்தைக் கழற்றாமல் வெளியிலிருந்தே ஊசி போட்டு அனுப்பிவிட்டான். ஆணி பக்கச் சுவரில் ஏறியிருந்தால் அன்றைக்கே ரோட்டோரம் நின்றிருப்பாய். ஆடி பதினெட்டுக்கு நீங்கள் கிளம்புவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடு.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அவன் மூன்று நட்டைக் கழற்றி, நாலாவது வராமல் திரும்பவும் மாட்டினான் என்றாயே, அந்த மூன்றும் சரியாக இறுகியிருக்கிறதா என்று இன்றைக்கே பார். பிடிவாதம் பிடிக்கிற நட்டு மேல் எல்லாருடைய கவனமும் போய்விடும். ஒழுங்காகக் கழன்ற நட்டை ஒப்புக்கு முறுக்கிவிட்டு எழுந்துபோவார்கள். சக்கரம் கழலுகிற ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அங்கே ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள் என்றாய். ஒருத்தர் வெல்டிங் வைக்கலாம் என்கிறார். ஒருத்தர் நட்டு ஏறி உட்காருகிற ஆணியான ஸ்டட்டையே ஒடித்துவிடலாம் என்கிறார். இன்னொருத்தர் கேஸ் வைத்துச் சூடு காட்டினால் தானாக வந்துவிடும் என்கிறார். மூன்றுமே நடக்கிற காரியம்தான், பொய் இல்லை. ஆனால் முதல் இரண்டும் வேறு வழியே இல்லாதபோது செய்பவை. மூன்றாவதைச் செய்யவே கூடாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உன் கார் நட்டு 21 மில்லிமீட்டர். ஸ்பேனர் கொடுக்கிற பலம் முழுவதும் அதன் ஆறு மூலைகளின் ஓரத்தில்தான் உட்காருகிறது, தட்டையான பக்கத்தில் இல்லை. ஸ்பேனர் அரை மில்லிமீட்டர் தளர்ந்திருந்தாலும் அந்த ஓரம் மடங்கிக்கொண்டே வரும். பஞ்சர் கடையில் இருக்கும் பிளஸ் ஸ்பேனருக்கு நாலு வாய், நாலும் வேறு வேறு அளவு. வருடக்கணக்கில் தேய்ந்து வாய் அகன்றுபோன ஸ்பேனரையோ, பக்கத்து அளவு வாயையோ அவசரத்தில் சொருகித் திருப்பினால் முதல் தடவை லேசாக வழுக்கும். இரண்டாவது தடவை ஓரம் சரியும். மூன்றாவது தடவை நட்டு உருண்டையாகிவிடும். பிடி கிடைக்காமல் நீ செய்கிற ஒவ்வொரு முயற்சியும், அடுத்தவன் பிடிப்பதற்காக மிச்சமிருக்கிற மூலையைத் தின்றுவிடும். அதனால் ‘எதற்கும் ஒரு தடவை பார்ப்போமே’ என்று கையில் கிடைத்ததை வைத்துத் திருப்பாதே. டிக்கியில் இருக்கும் எல் ஸ்பேனரையும் இனி அந்த நட்டில் வைக்காதே. படத்தில் பார்த்தவரை இரண்டு மூலையில் இன்னும் கொஞ்சம் சதை இருக்கிறது. நமக்கு அது போதும்.

இவ்வளவு இறுகியது எப்படி என்று கேட்டாய். காற்றழுத்தத்தில் நட்டை முறுக்குகிற ஏர் கன்தான். உன் காரின் வீல் நட்டுக்குத் தேவையான முறுக்கு 9 முதல் 11 கிலோ, அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் அவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் வருகிற பலம். நியூட்டன் மீட்டரில் 88 முதல் 107 என்று போட்டிருக்கும். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் உன் கையேட்டில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள். லாரி வீல் நட்டுக்கு இதுவே 60 கிலோ பக்கம் போகும். ஹைவேயில் லாரி டயர் பார்க்கிற கடையில் அந்தப் பெரிய கன்னையே கார் நட்டிலும் வைத்து டர்ர்ரென்று அழுத்துவார்கள். ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தாலே அளவு தாண்டிவிடும். கன் இல்லாத கடையில் ஸ்பேனர் மேல் ஏறி நிற்பார்கள். கணக்குப் போட்டுப் பார்: 60 கிலோ ஆள் 40 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் நின்றால் 24 கிலோ. தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல். ‘நல்லா டைட் வெச்சிருக்கேன் சார்’ என்று அவன் பெருமையாகச் சொல்வான். நாமும் பத்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வருவோம்.

வேலையைத் தொடங்குமுன் நட்டுக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள். ‘நட்டு வரலை’ என்று பட்டறைக்கு வருகிறவர்கள் மூன்று வேறு வேறு நோயை அந்த ஒரே வார்த்தையில் சொல்வார்கள். ஸ்பேனர் சுற்றுகிறது, நட்டு நிற்கிறது என்றால் மூலை போய்விட்டது, உன்னுடையது இதுதான். நட்டும் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் உள்ளே மரை செத்துப்போயிருக்கும். அப்போது நட்டுக்குப் பின்னால் உளியோ லீவரோ கொடுத்து வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே திருப்ப வேண்டும், செத்த மரையைத் தாண்டினால் நல்ல மரையில் பிடித்து வந்துவிடும். மூன்றாவதில் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றும். ஸ்டட்டின் பின்பக்கம், சக்கரம் மாட்டுகிற ஹப்பில் கடித்துப் பிடித்திருக்கும் பல்வரிகள் வழுக்கிவிட்டதால் வருவது அது. அதுதான் கெட்டது, அதை நீ தொடாதே.

இப்போது சாமான். பெங்களூரில் இருக்கிறாய், ஜே.சி. ரோட்டில் கிடைக்காத கார் சாமானே கிடையாது. அடி தாங்குகிற 21 மில்லிமீட்டர் இம்பாக்ட் சாக்கெட் ஒன்று, கைப்பிடி மாட்டும் பின் ஓட்டை அரை இஞ்ச் சதுரம் உள்ளது, கறுப்பாக இருக்கும். வெள்ளி மாதிரி மின்னுகிற குரோம் சாக்கெட் வேண்டாம். அது கடினமான உருக்கு, சுத்தியால் அடித்தால் வெடித்துச் சில்லு தெறிக்கலாம். வாங்கும்போது வாய்க்குள் எட்டிப் பார், ஆறு மூலை இருக்க வேண்டும். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்டுவதற்குச் சுலபம், மழுங்கிய நட்டுக்கு விஷம். கூடவே 20 மில்லிமீட்டரில் ஒன்று. அது கிடைக்காவிட்டால் 13/16 இஞ்ச் கேள்; 20.6 மில்லிமீட்டர் வரும், அடித்து இறக்க இன்னும் வாகான அளவு. பழைய ஸ்பார்க் பிளக் ஸ்பேனரும் இதே 13/16தான், ஆனால் அது வெறும் தகரக் குழாய், அதை வைத்து முயற்சி செய்துவிடாதே. அப்புறம் அரை இஞ்ச் சதுரத்துக்கு இரண்டு அடி நீளக் கைப்பிடி, ஒரு கிலோ சுத்தியல், கம்பி பிரஷ், டபிள்யூடி-40 ஒரு டப்பா, கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடி வாங்காமல் வந்தால் மற்ற எதையும் வாங்காதே.

மாப்பிள்ளையைக் கூட வைத்துக்கொள். அவருக்கு இந்த வேலை தெரியாது என்பது எனக்குத் தெரியும். சாக்கெட் நேராக நிற்க ஒரு கை வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் நட்டு டப்பாவைக் கொட்டிவைத்து, அளவு பார்க்காமல் விரலால் தடவியே 17, 19 என்று பிரித்துப் போடுவாயே, அந்த விரல் உனக்குத்தான் இருக்கிறது. திருப்புவது நீயாக இரு.

முந்தின நாள் ராத்திரியே நட்டைச் சுற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணையும் துருவையும் எடுத்துவிடு. உன் கார் நட்டு தலை மூடியது, அதனால் மேலே எண்ணெய் அடித்தால் ஒரு சொட்டும் உள்ளே போகாது. நட்டின் அடிப்பாகம் கூம்பாக இறங்கி ரிம்மில் உட்காரும் அந்த வளையத்தில், டப்பாவோடு வரும் மெல்லிய குழாயை வைத்துக் கொஞ்சமாக அடி. பிறகு நட்டின் தலையில் சுத்தியால் நாலு தட்டு. அதிர்வில் துரு விரிசல் விட்டு எண்ணெய் ஊறும். மறுபடி கொஞ்சம் அடித்துவிட்டு அப்படியே விடு. டீசல் தடவலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை. எதை அடித்தாலும் ரிம் ஓட்டை வழியாகப் பிரேக் டிஸ்க்கில் படாமல் ஒரு துணியை அண்டக் கொடுத்துக்கொள்.

காலையில் காரைச் சமதளத்தில் நிறுத்து. ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல். ஜாக்கி இப்போது வேண்டாம். சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் நட்டை அசைக்க வேண்டும். தூக்கிவிட்டால் சக்கரம் சுற்றும், வண்டியும் ஆடும். மற்ற மூன்று நட்டையும் கழற்றிவிடாதே. கழற்றினால் அங்கே இருந்த பாரமும் இந்த ஒன்றின் தலையில் ஏறி, இது இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்த மூன்றையும் நல்ல ஸ்பேனரால் ஒரு இழுப்பு இறுக்கிக்கொள். ரிம் அங்கே அழுந்தினால் இந்த நட்டின் மேல் இருக்கும் அழுத்தம் கொஞ்சம் குறையும். சக்கரம் திருடு போகாமல் இருக்கப் போடும் பூட்டு நட்டின் சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கும் நாங்கள் முதலில் இதைத்தான் செய்வோம்.

முதல் முயற்சி 21 சாக்கெட். நட்டு மேல் வைத்துச் சுத்தியால் தட்டி, அடிவரை இறங்கியதா என்று பார். பெரும்பாலும் மழுங்கியது நட்டின் மேல் பாதிதான். பிளஸ் ஸ்பேனர் பாதி மட்டும் ஏறியிருக்கும். ஆழமாக இறங்கினால் அடியில் நல்ல மூலை கிடைக்கும். கைப்பிடியை உன் இடப்பக்கம் படுக்கை வசமாக வைத்துக் கீழே அழுத்து. அதுதான் கழலும் திசை. மாப்பிள்ளை சாக்கெட்டின் முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கட்டும், அது கோணினால் மூலை போய்விடும். ஒரே ஒரு தடவை, நிதானமாக எடையைச் சாய்த்து அழுத்திப் பார். சாக்கெட் லேசாக வழுக்குகிற மாதிரி தோன்றினாலும் கையை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போ.

(இங்கே லாரிக்காரன் புத்தியில் ஒரு வார்த்தை. பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை இருக்கும், நம் பழக்கத்துக்கு நேர்மாறாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் வந்த புதுப் பையன்கள் கழற்றுகிறேன் என்று மத்தியானம் வரை இறுக்கிக்கொண்டிருப்பார்கள். உன் காரில் நாலு சக்கரமும் வலது மரைதான், குழம்பாதே.)

அடுத்தது 20 அல்லது 13/16. இது நட்டு மேல் தானாக ஏறாது, ஏறக்கூடாது. நட்டுக்கு நேராக வைத்து, அதிகம் மழுங்காத அந்த இரண்டு மூலைக்குச் சாக்கெட்டின் மூலையை ஒத்துப் பார்த்து நிறுத்து. முதல் அடிகள் மெதுவாக, நேராக. சாக்கெட் ஓரத்தில் நட்டின் மேல்பூச்சு சீவல் சீவலாகச் சுருண்டு கீழே விழும். உள்ளே புது இரும்பு பளபளவென்று தெரியும். அப்படித் தெரிந்தால் சாக்கெட் தனக்கு வேண்டிய மூலையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்குகிறது என்று அர்த்தம். சத்தத்தைக் கவனி. ஆரம்பத்தில் தட்தட் என்று மந்தமாக இருக்கும். அடிவரை இறங்கிவிட்டால் டங் என்று கெட்டியாக, சக்கரம் முழுவதும் சேர்ந்து பேசும். அங்கே நிறுத்திவிடு. அதற்கு மேல் ஓங்கி ஓங்கி அடித்தால் அடி வாங்குவது வீல் பேரிங்.

அடித்த பிறகு சாக்கெட், நட்டு, ரிம் மூன்றையும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போடு. திருப்பும்போது எது நகர்கிறது, எது நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதை விட நல்ல வழி இல்லை. பிறகு கைப்பிடியைப் போட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பார். துரு உடைய அது உதவும். அப்புறம் கழற்றுகிற பக்கம். வெட்டி வெட்டி இழுக்காதே, குதிக்காதே. இரண்டு அடிக் கைப்பிடி போதாவிட்டால் அதன் மேல் ஒரு பைப்பைச் சொருகி நீட்டிக்கொள், ஆனால் மேலே ஏறி நிற்காதே. டக் என்று ஒரு சத்தம் வரும். கோட்டைப் பார். நட்டும் சாக்கெட்டும் ஒன்றாக நகர்ந்திருந்தால் வேலை முடிந்தது. சாக்கெட் மட்டும் நகர்ந்திருந்தால் வழுக்கிவிட்டது. சத்தமே இல்லாமல், வெல்லப்பாகு இழுபடுகிற மாதிரி மெத்து மெத்தென்று வந்துகொண்டே இருந்தால், உள்ளே ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது, ஒடியப் போகிறது என்று புரிந்துகொள். அந்த உணர்வை ஒரு தடவை கை கண்டுகொண்டால் பிறகு மறக்காது.

நட்டு அசைந்துவிட்டால் முழுவதும் கழற்ற அவசரப்படாதே. இப்போது மற்ற மூன்றையும் தரையிலேயே கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலையும் கழற்று. வெளியே வந்த நட்டு சாக்கெட்டுக்குள் கடித்துக்கொண்டு நிற்கும். பின்பக்கச் சதுர ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டு, வாய் தரையைப் பார்க்கப் பிடித்துத் தட்டினால் விழுந்துவிடும். விழாவிட்டால் சாக்கெட்டையும் சேர்த்துக் கழித்துவிடு. அதன் விலை ஒரு நாள் லீவை விடக் குறைவு.

20 சாக்கெட்டும் வழுக்கிவிட்டால் இருக்கவே இருக்கிறது டிவிஸ்ட் சாக்கெட். உள்ளே சுருள் சுருளாக வெட்டிய பற்கள் இருக்கும். கழற்றுகிற பக்கம் திருப்பத் திருப்ப அது நட்டைக் கடித்துக்கொண்டே போகும். இதையே முதலில் வாங்கினால் என்ன என்று கேட்பாய். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் மலிவான செட்டில் பல் மொக்கையாக இருக்கும், அது கடிப்பதற்குப் பதில் சுரண்டும். நல்லது கிடைத்தால் வாங்கி டிக்கியில் போட்டு வை.

உன்னுடையது சாதாரண இரும்பு ரிம், அலாய் இல்லை. நட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் பைப் ரெஞ்சும் பிடிக்கும். பலமாக இழுக்க இழுக்கத் தாடை இன்னும் கடிக்கும். உளி வைத்து ஓரத்தில் ஒரு வெட்டு போட்டு, அந்த வெட்டில் சாய்வாக அடித்துத் திருப்புவது எங்கள் காலத்து வழி. அலாய் ரிம்மில் இரண்டையும் நினைக்கவே முடியாது. ரிம்மில் கீறல் விழுந்தால் பரவாயில்லை என்று மனசு வந்தால் செய். என் காராக இருந்தால் எனக்கு மனசு வரும், உனக்கு வராது.

இதுவரை சொன்னது எல்லாம் நீ வீட்டு வாசலில் செய்யக்கூடியவை. இதற்கு மேல் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். போகும்போது நெருப்பு விஷயத்தை மட்டும் கெட்டியாக மனசில் வைத்துக்கொள்.

டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தில் யாரையும் கேஸ் டார்ச் காட்ட விடாதே. நட்டுக்குத்தான் காட்டுகிறேன், டயருக்கு இல்லை என்பார்கள். இரும்பு ரிம் அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய் டயரின் உள்பக்க ரப்பரில் கொடுக்கும். ரப்பர் வெந்து வாயு கக்கும். அந்த வாயு உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து, தீப்பொறியே இல்லாமல் சூட்டிலேயே பற்றி வெடிக்கும். வெடிப்பது அந்த நிமிஷமே நடக்க வேண்டும் என்பதும் இல்லை. நெருப்பை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போன பிறகும் நடக்கும். காற்றைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியமும் செல்லாது. டயர் ரிம்மோடு ஒட்டி நிற்கும்வரை உள்ளே வாயு தேங்க இடம் இருக்கத்தான் செய்கிறது. லாரி டயர் இப்படி வெடித்தால் எதிரே நிற்கிற மனிதன் மிஞ்சுவதில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் இதை விளையாட்டாகப் பேச மாட்டோம். கார் டயர் சின்னது என்பதற்காக நான் உன்னை அதன் பக்கத்தில் நிற்க விட மாட்டேன்.

வெல்டிங் வேறு கதை. மழுங்கிய நட்டின் தலையில் ஒரு பெரிய நட்டை வைத்து, உள்ளே ஆர்க் வெல்டிங்கால் நிரப்பி, சிவப்பு ஆறியதும் புது நட்டை ஸ்பேனரால் திருப்பினால் பழையதும் கூடவே வரும். கைதேர்ந்தவன் நொடிக்கணக்கில் வைத்து எடுப்பான். இருந்தாலும் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்டு, டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து தள்ளிவிட்ட பிறகுதான் வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றியிருக்க வேண்டும். இதையெல்லாம் நீ கேட்கும்போது ‘அதெல்லாம் தேவையில்லம்மா’ என்று சொல்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. வெல்டிங் வைத்து நட்டை எடுத்தால் ஸ்டட்டையும் மாற்றியே ஆக வேண்டும். சூடு காட்டிக் கடினப்படுத்திய உருக்கு அது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நம்ப முடியாது.

துளை போட்டு எடுப்பதும் உண்டு. நட்டின் நடுவில் சிறிய டிரில்லில் ஆரம்பித்து, ஒவ்வொரு அளவாகப் பெரிதாக்கி ஸ்டட்டையே உள்ளிருந்து தின்றுகொண்டு போவது. நிதானமான ஆள், கூரான பிட், அடிக்கடி எண்ணெய், இந்த மூன்றும் இருந்தால் இதுதான் சுத்தமான வேலை. என்னைக் கேட்டால் வெல்டிங்கை விட இதற்கே ஓட்டுப் போடுவேன்.

ஸ்டட்டை ஒடிப்பது அவ்வளவு பெரிய பாவம் ஒன்றும் இல்லை. புது ஸ்டட் மலிவுதான். பழையதைப் பின்பக்கமாகத் தட்டி எடுத்துவிட்டு, புதியதைச் சொருகி, வாஷர்களும் ஒரு பழைய நட்டும் போட்டு இறுக்கி இழுத்தால் இடத்தில் உட்கார்ந்துவிடும். சில கார்களில் பின்னால் இடம் இல்லாமல் ஹப்பையே இறக்க வேண்டிவரும், அப்போதுதான் கூலி ஏறும். ஒடித்துவிட்டு மூன்று நட்டிலேயே ஊர் வந்து சேரலாம் என்று மட்டும் நினைக்காதே. நாலு ஸ்டட் காரில் ஒன்று குறைந்தால் கால் பங்கு பிடி போச்சு.

இப்போது மாட்டுவது. அடி வாங்கிய நட்டைத் திரும்பப் போடக் கூடாது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிது வாங்கும்போது வெறும் 21 நட்டு என்று கேட்காதே. 21 என்பது வெளித்தலை அளவு. மரை அளவு உன் காருக்கு 12 மில்லிமீட்டர், மரை வரிகளின் இடைவெளி 1.5. மாருதி கார்களில் அதே 12தான், ஆனால் இடைவெளி 1.25. கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒன்றை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பேனர் போட்டால் ஸ்டட்டின் மரையும் சேர்ந்து சாகும். பழைய நல்ல நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்கு. ரிம்மில் உட்காரும் பக்கமும் ஒரே மாதிரி கூம்பாக இருக்க வேண்டும். ஹோண்டாவுக்கு அந்த இடம் உருண்டையாக வரும், அதைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள்.

ஸ்டட்டைக் கம்பி பிரஷால் துடைத்து, நட்டைக் கையாலேயே கடைசிவரை ஏற்று. கையால் ஏறாத நட்டு ஸ்பேனரால் ஏறக் கூடாது. மரையில் கிரீஸ் போடட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல். கையேட்டில் இருக்கும் முறுக்கு அளவு காய்ந்த மரைக்கானது. கிரீஸ் இருந்தால் அதே முறுக்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். குறுக்குக் குறுக்காக, ஒன்றுக்கு எதிரே ஒன்று என்று பாதி இறுக்கு. சக்கரத்தைத் தரையில் இறக்கிய பிறகு, முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சால் 10 கிலோ வைத்து முடி. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 40 கிலோ அழுத்தம், உன் எடையில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள். இனிமேல் எந்தக் கடையில் சக்கரம் கழற்றினாலும், மாட்டும்போது கன் வேண்டாம், கையால் இறுக்குங்கள் என்று சொல். முறைத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நிறுத்தும்போது நாலு நட்டையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொள். புதிதாக மாட்டிய சக்கரம் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் கொஞ்சம் உட்காரும். மற்ற மூன்று சக்கரத்து நட்டுகளையும் சனி, ஞாயிறில் ஒவ்வொன்றாக அசைத்துப் பார். ஒரே கையால் இறுக்கப்பட்டவைதான் அவையும்.

ஸ்டெப்னியில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாயா? அதை யாரும் பார்ப்பதே இல்லை. கிளம்புவதற்கு முன் நிரப்பிக்கொள். பதினெட்டு அன்றைக்குப் பவானி போவதற்கு அம்மா இப்போதே பை எடுத்து வைத்துவிட்டாள். நம் வண்டியிலேயே போய்க்கொள்ளலாம், கூடுதுறையில் அன்றைக்கு நிறுத்த இடம் கிடைக்காது. ஜே.சி. ரோட்டில் சாக்கெட் விலை கேட்டதும் எனக்கு ஒரு போன் போடு, இரண்டு கடை விசாரிக்காமல் வாங்கிவிடாதே.

அன்புடன்
அப்பா